நெடுந்தூர சைக்கிள் பயணம் ரத்தானால்: அடுத்த ஆறு வாரங்கள்

மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை சைக்கிளில் போக வேண்டும் என்று மாதக்கணக்கில் உடலைத் தயார் செய்பவர்கள் இன்று தமிழ்நாட்டிலும் பலர் இருக்கிறார்கள். விடியற்காலைப் பயிற்சி, அலுவலகத்தில் மன்றாடி வாங்கிய விடுமுறை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் என்று எல்லாம் கூடிவந்து, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: சாலை துண்டிக்கப்பட்டது, பயணம் ரத்து. அதன் பிறகு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி அட்டவணையிலும் எழுதியிருக்காது. இங்கே சொல்லப்போவது அதைத்தான்.

பயணம் நின்ற பிறகு வரும் சங்கடங்களில் பெரும்பகுதி, பயணத்தோடு சேர்ந்து பயிற்சியும் தினசரி ஒழுங்கும் ஒரே நாளில் நின்றுபோவதால் வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் ஆலோசனை ஒன்றுதான்: எதையும் சட்டென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறையுங்கள். புதிய முடிவு எதையும் ஆறு வாரத்துக்குப் பிறகு எடுங்கள்.

எதனால் நின்றது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

ரத்துக்குக் காரணம் பொதுவாக மூன்று வகை. ஒவ்வொன்றும் வேறுவிதமாக வலிக்கும், கையாளும் முறையும் வேறு.

முதல் வகை, இயற்கையும் சூழலும். மணாலி–லே சாலை பனி விலகிய பிறகு கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும். அதே மாதங்களில்தான் குல்லு பள்ளத்தாக்கில் பருவமழையும் பெய்கிறது. 2023 ஜூலை இரண்டாம் வாரப் பெருமழையில் பியாஸ் ஆறு குல்லு–மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. 2010 ஆகஸ்டில், மழை அரிதான லே நகரமே மேகவெடிப்பால் (குறுகிய நேரத்தில் ஓரிடத்தில் கொட்டும் அதீத மழை) பேரழிவைச் சந்தித்தது. இப்படி நின்ற பயணத்தில் குற்றவாளி யாருமில்லை. அதனாலேயே கோபம் போக்கிடம் தெரியாமல் ஏற்பாட்டாளர் மீதோ, குழுவில் முதலில் பின்வாங்கியவர் மீதோ பாயும். சண்டை போடுவதற்கு முன், அடைபட்டிருப்பது மூன்று நாளில் அகற்றக்கூடிய மண்சரிவா, பாதையே போய்விட்டதா என்பதை அந்தச் சாலையைப் பராமரிக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பு (பிஆர்ஓ), மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் அறிவிப்பில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளி எந்த ஆண்டினுடையது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் வகை, உங்கள் உடல். முழங்கால் வலி, கீழே விழுந்து காறை எலும்பு (தோள்பட்டையையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பு) முறிந்தது, டெங்குக் காய்ச்சல் போன்றவை. இதில் வருவது கூச்சம். "நான்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை" என்ற எண்ணம் தலைதூக்கும். காயம் ஆறுவதற்குள் சைக்கிளில் ஏறிவிடும் ஆபத்தும் இவர்களிடம்தான் அதிகம். கீழே சொல்லும் பயிற்சி அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. சிகிச்சை தரும் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

மூன்றாம் வகை, வீடும் வேலையும். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, மகளின் தேர்வு, அலுவலகம் விடுமுறையைத் திரும்பப் பெற்றது போன்றவை. இதில் ஏமாற்றத்தோடு குற்றவுணர்வும் கலந்துவிடும். அம்மா மருத்துவமனையில் இருக்கும்போது சைக்கிளை நினைத்து வருத்தப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். இரண்டு உணர்ச்சியும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதில் தவறில்லை. நம்பகமான ஒருவரிடம் "எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அடக்கினால், பின்னால் அது நோயாளி மீதே எரிச்சலாக வெளிப்படும்.

உடலில் என்ன நடக்கிறது

பயிற்சியை முற்றிலும் நிறுத்தியவுடன் முதலில் குறைவது பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி). இரண்டு வாரத்துக்குள்ளேயே இது தெரியத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு குறைவதால், அதே வேகத்தில் ஓட்டும்போது நாடித்துடிப்பு கூடுதலாகக் காட்டும். பயிற்சி பெற்றவர்களை வைத்து 1984இல் வெளியான ஓர் ஆய்வில், அதிகபட்ச ஆக்சிஜன் திறன் (கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு) முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் வரை இறங்கி அங்கேயே நின்றது. ஆறு மாத உழைப்பு ஒரு வாரத்தில் வீணாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்து நிம்மதி அடையலாம்.

இரண்டாவது மாற்றம் எடை. நிதானமான வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால், எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப 400 முதல் 600 கலோரி வரை செலவாகும். வாரம் பத்து மணி நேரம் ஓட்டியவர் நிறுத்தினால் வாரத்துக்கு 4,000 முதல் 6,000 கலோரி மிச்சமாகிறது. பசியோ பழைய அளவிலேயே சில வாரம் நீடிக்கும். தட்டில் விழும் சோறு மாறாவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, நாற்பதைக் கடந்தவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஒன்று முதல் மூன்று நாள் வரைதான் நிற்கும். பயிற்சிக் காலத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கியதால் மருத்துவர் உங்கள் மாத்திரை அளவைக் குறைத்திருந்தால், பயிற்சி நின்ற விவரத்தை அவரிடம் சொல்லுங்கள். பழைய சீட்டைத் தேடி எடுத்து நீங்களாகவே அளவைக் கூட்ட வேண்டாம்.

மனத்தில் என்ன நடக்கிறது

துக்கத்தில் ஒரு வகையை 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' (சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத இழப்பு) என்பார்கள். 1989இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விளக்கி எழுதினார். சைக்கிள் பயணம் ரத்தானதற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். "அடுத்த வருஷம் போய்க்கலாம், விடுப்பா" என்பார்கள். சிலர் "நல்லதாப் போச்சு, அங்கே போய் என்ன ஆகியிருக்குமோ" என்று ஆறுதலும் சொல்வார்கள். அவர்கள் நோக்கம் நல்லது. கேட்பவருக்கு மட்டும் வாய் அடைத்துப்போகும்.

இதோடு, தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் சோர்வும் எரிச்சலும் வருவதுண்டு. ஏமாற்றமும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

எது இயல்பு, எது எச்சரிக்கை

முதல் இரண்டு வாரத்தில் இவை இயல்பானவை: காலை நான்கரைக்கே விழிப்பு வந்து படுக்கையில் புரள்வது, சின்ன விஷயத்துக்கு வீட்டில் கத்துவது, குழுவினரின் பழைய படங்களைப் பார்க்கப் பிடிக்காமல் போவது, கால் கனப்பது, புறப்பட வேண்டிய தேதியன்று எந்த வேலையும் ஓடாமல் இருப்பது.

இவை எச்சரிக்கை: இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, சைக்கிளில் மட்டுமல்லாமல் எதிலுமே விருப்பம் இல்லாமல் போவது, தொடர்ந்து தூக்கம் கெடுவது, தினமும் குடிக்கத் தொடங்குவது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம். இவை சைக்கிள் பயணத்தோடு நிற்கும் பிரச்சினை அல்ல, ஏற்கெனவே இருந்த மனச்சோர்வைப் பயிற்சி மறைத்து வைத்திருந்திருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தாமதிக்காதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள்.

முதல் மூன்று நாள்

இந்த மூன்று நாளில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். சைக்கிளை விற்பது, குழுவிலிருந்து விலகுவது, கோபத்தில் வேறு பயணத்துக்குப் பணம் கட்டுவது மூன்றையும் தள்ளிப்போடுங்கள். செய்ய வேண்டியவை சிறிய வேலைகள்தாம்.

கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள். "சாலை அடைபட்டதால் இந்த வருடம் போகவில்லை" என்பது போதும். ஒவ்வொருவரிடமும் முழுக் கதையைச் சொல்லி ஒவ்வொரு தடவையும் களைத்துப்போக வேண்டியதில்லை. ரத்து பற்றிய அறிவிப்பை ஏற்பாட்டாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் இருந்தால் நல்லது. விடுமுறையை உடனே முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று நாளையாவது வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் தேதியன்று நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பது யாருக்கும் எளிதல்ல.

சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தால், மூன்றாம் நாளுக்குள் பிரித்து மாட்டுங்கள். கூடத்தில் நிற்கும் பெட்டி தினமும் கண்ணை உறுத்தும் என்பது ஒரு காரணம். நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் கடலோரத்தில், பெட்டிக்குள் செயின் துருப்பிடிக்கும் என்பது இன்னொரு காரணம். கழற்றிய பெடல்களின் மரைக்குக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும். டிஸ்க் பிரேக்குக்கு நடுவே செருகிய பிளாஸ்டிக் துண்டை எடுத்த பிறகு, சக்கரத்தை மாட்டும் வரை பிரேக் பிடியை அழுத்திப் பார்க்க வேண்டாம். மலைக்காக வாங்கிய பவர் பேங்க், விளக்கு போன்றவற்றின் லித்தியம் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றியோ முழுக்கத் தீர்த்தோ மாதக்கணக்கில் வைக்காமல், பாதி அளவில் வையுங்கள்.

முதல் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை

உடல் தகுதியைக் காப்பாற்ற பழைய நேரம் முழுவதும் தேவையில்லை. 1980களில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. வாரம் ஆறு நாள் செய்த பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தாலும், அல்லது ஒவ்வொரு நாளின் நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும், கடுமையைக் குறைக்காதவரை ஆக்சிஜன் திறன் 15 வாரம் ஏறக்குறைய அப்படியே நின்றது. கடுமையைக் குறைத்தபோது சரிந்தது. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் நேரத்தை மிகவும் குறைத்தால் கொஞ்சம் தேயும்.

இதை அட்டவணையாக்கினால்: செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டு. பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி உடலைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு நிமிடம், ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவுக்குக் கடினமாக, அடுத்த மூன்று நிமிடம் இலகுவாக. இப்படி நான்கு முறை, கடைசியில் பத்து நிமிடம் நிதானம். ஞாயிறு இரண்டரை மணி நேரம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில். இடையே இரண்டு நாள் இருபது நிமிடம் தொடை, இடுப்பு, முதுகு வலுவுக்கான பயிற்சி. இதய நோய் உள்ளவர்களும், மார்பில் இறுக்கமோ மயக்கமோ வந்திருப்பவர்களும் கடினப் பகுதியை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

எழும் நேரத்தை மாற்றாதீர்கள். ஓட்டாத நாளிலும் அதே நேரத்தில் எழுந்து நடக்கப் போங்கள். தூக்கம் சீராவதற்கு இது உதவும். சாப்பாட்டில் முதலில் குறைக்க வேண்டியது பயிற்சிக்காகச் சேர்த்தவற்றை மட்டும்: எனர்ஜி ஜெல், குளுக்கோஸ் பானம், ரைடு முடிந்ததும் சாப்பிட்ட இரண்டாவது டிபன். பட்டினி கிடக்க வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், பயறு அப்படியே இருக்கட்டும்.

குழுவை வாரம் ஒரு முறையாவது சந்தியுங்கள். யாரால் நின்றது என்று பேசுவதற்கு ஒரு சந்திப்பை ஒதுக்கி அத்தோடு முடித்துவிடுங்கள்.

மாற்றுப் பயணம் ஒன்று நல்லது, ஆனால் அது மூலப் பயணத்தின் நகலாக இருக்க வேண்டாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலை, ஆழியாறிலிருந்து 40 வளைவுகள் ஏறி வால்பாறை ஆகியவை காலுக்கு நல்ல வேலை கொடுக்கும். விடியலில் கிளம்பி, ஒரு நாள் ஏறி, மறுநாள் இறங்குங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். இவை லடாக்கின் உயரத்துக்கு உங்களைப் பழக்காது. ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான், மணாலி–லே சாலையிலுள்ள தங்லங் லா கணவாயோ சுமார் 5,300 மீட்டர்.

செய்யக் கூடாதவை

ஆத்திரத்தில் ஒரே நாளில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவது. ஓய்வில் இருந்த தசை திடீர்ச் சுமையிலும் வெயிலிலும் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் தேயிலை டிகாஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவது. உடலில் நீர் குறைந்திருக்கும்போது இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதி.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குவது, அல்லது ஒரு பெக் போட்டுவிட்டுப் படுப்பது. மது சீக்கிரம் தூங்க வைத்து நடுராத்திரியில் எழுப்பிவிடும்.

மிச்சமிருக்கும் விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று விமானத்தில் நேராக லேயில் இறங்கி மறுநாளே கர்துங் லா கணவாய் ஏறுவது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை உயர நோயின் (ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு உடல் பழகாததால் வருவது) அறிகுறிகள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. இறங்கியதும் இரண்டு நாள் முழு ஓய்வு, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் என்பதே முறை. பூண்டு, கற்பூரம், கிராம்பு ஆகியவை இதற்கு மாற்று அல்ல. அசிட்டசோலமைடு மாத்திரையும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். நன்றாகப் பயிற்சி பெற்றவருக்கும் உயர நோய் வரும். கால் வலிமை இதைத் தடுக்காது.

அடைபட்ட சாலையில் தனியாகப் போய்ப் பார்ப்பதும் வேண்டாம். மணாலி–லே சாலையில் தார்ச்சா என்ற ஊரைத் தாண்டினால் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் பருவத்துக்கு மட்டும் போடப்படும் கூடாரங்கள்தாம் துணை. பருவம் முடிந்தால் அவையும் இருக்காது.

பணமும் அடுத்த தேதியும்

ரயில்வே தானே ரயிலை ரத்து செய்தால் பயணச்சீட்டுத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஓடும் ரயிலுக்கு நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம் உண்டு, புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அது கூடும். ஆகவே சாலை திறக்குமா என்று கடைசி வரை காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. விமான நிறுவனமே ரத்து செய்தால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானமா என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கூப்பனைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பயணக் காப்பீடு, பத்திரத்தில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டுமே பணம் தரும். ஏற்பாட்டாளர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதற்குத்தான் எழுத்திலான அறிவிப்பும் ரசீதும் கையில் இருக்க வேண்டும் என்றேன்.

ஆறாம் வாரம் முடிந்ததும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பயணம் நின்றதற்கான காரணம் தீர்ந்துவிட்டதா? அடுத்த பருவத்துக்கு முன் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து பயிற்சி செய்ய வீட்டில் இடம் இருக்கிறதா? இன்னொரு தடவையும் நின்றுபோனால் அந்தப் பண இழப்பைத் தாங்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பதிவு செய்யுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள்.

பதிவு செய்யும்போது தேதி மாற்றும் விதியையும், சாலை அடைபட்டால் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். பயணத் திட்டத்தில் இரண்டு நாளாவது வெறுமையாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சாலையில் சிறிய மண்சரிவுகள் பருவந்தோறும் நடப்பவை. உபரி நாள் இல்லாத திட்டம் முதல் சரிவிலேயே தடுமாறும். அப்படிப்பட்ட திட்டத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவது நல்லது.